எஸ்டிகே வெர்ஷன் மாறும்போது டாக்குமெண்டேஷன் பின்தங்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி: எங்களுடையது ஆறு பேர் கொண்ட சின்ன நிறுவனம். கடைக்காரர்கள் ஆன்லைனில் பணம் வாங்குவதற்கான சேவையை நடத்துகிறோம், அதற்குப் பைத்தானில் ஒரு எஸ்டிகே (எங்கள் சேவையை அவர்கள் தங்கள் புரோகிராமிலிருந்து பயன்படுத்த உதவும் கோட் தொகுப்பு) கொடுக்கிறோம். பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் வெர்ஷன் 2-ல் இருக்கிறார்கள், புதியவர்கள் 3-ல். டாக்குமெண்டேஷன் முழுக்க ஒரு விக்கியில் கிடக்கிறது. "நீங்கள் எழுதியபடியே செய்தேன், எரர் வருகிறது" என்று அடிக்கடி மெயில் வருகிறது. எல்லாவற்றையும் புது போர்ட்டலுக்கு மாற்றித் தருகிறோம், அப்புறம் ஏஐ தானாகவே அப்டேட் செய்துகொள்ளும் என்று ஒரு ஏஜென்சி வருடச் சந்தா கேட்கிறது. வாங்கலாமா? டாக்குமெண்டேஷன் எழுதுவது நான்தான், ஆனால் புரோகிராமர் இல்லை.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பிரச்சினை போர்ட்டலில் இல்லாதபோது போர்ட்டலுக்கு எதற்குப் பணம்?

விக்கியில் ஒரு பக்கத்துக்கு நடப்பில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். வெர்ஷன் 3 வந்ததும் அதைத் திருத்தினால், அந்த நிமிடமே 2-ல் இருப்பவருக்கு அது தப்பு. திருத்தாமல் விட்டால் 3-ல் இருப்பவருக்குத் தப்பு. இதே பக்கங்களை அழகான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் இந்தச் சிக்கல் கூடவே வரும்.

செய்ய வேண்டியது, எழுத்தை கோட் இருக்கும் அதே ரெப்போவுக்குள் (கோடும் அதன் மாற்ற வரலாறும் சேமிக்கப்படும் இடம்) கொண்டுபோய் வைப்பது. உங்கள் டெவலப்பர்கள் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) 2-க்கு ஒரு பிராஞ்ச் (தனிக் கிளை), 3-க்கு ஒரு பிராஞ்ச் வைத்திருப்பார்கள். அதற்குள் டாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போடச் சொல்லி, மார்க்டவுனில் எழுதுங்கள் (தலைப்பு, பட்டியல் போன்றவற்றுக்குச் சில குறிகள் சேர்த்த சாதா எழுத்துதான், அரை நாளில் பழகிவிடும், புரோகிராமிங் தெரிய வேண்டாம்). இனி 2-ன் பக்கம் 2-ன் கோடோடு இருக்கும், 3-ன் பக்கம் 3-ன் கோடோடு. ரீட் த டாக்ஸ் போன்ற சேவைகள் அந்த பிராஞ்சுகளைப் படித்து வெர்ஷன்வாரியாகத் தனித்தனி தளமாக வெளியிட்டுவிடும். பைத்தானின் சொந்த ஆவணத்தில் மேலே வெர்ஷனைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருக்கிறதே, அதே ஏற்பாடுதான்.

இப்போது அந்த ஏஐ வாக்குறுதிக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வருவதே இதில்தான். 2023 நவம்பரில் ஓபன்ஏஐ தன் பைத்தான் லைப்ரரியின் 1.0-ஐ வெளியிட்டபோது, அழைக்கும் முறையே மாறிப்போனது, அதுவரை எழுதப்பட்ட பயிற்சிக் கட்டுரைகளில் இருந்த கோட் எல்லாம் எரர் கொடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகும் பல ஏஐ கருவிகள் பழைய முறையிலேயே கோட் எழுதிக் கொடுத்தன, ஏனென்றால் அவை படித்ததில் பழைய உதாரணங்கள்தான் அதிகம். பாண்டாஸ் என்ற பைத்தான் டேட்டா லைப்ரரியிலும் இதே கதை. அதன் டேட்டாஃபிரேம் என்ற அட்டவணையில் வரி சேர்க்கும் அப்பெண்ட் என்ற ஃபங்ஷனை 2022 ஜனவரியில், 1.4-ல், "இனிப் பயன்படுத்தாதீர்கள்" என்று எச்சரித்தார்கள். 2023 ஏப்ரலில், 2.0-ல், எடுத்தே விட்டார்கள். அதற்கப்புறமும் அதை எழுதிக் கொடுத்த ஏஐ உண்டு. உலகமே பயன்படுத்தும் லைப்ரரிக்கே இந்த நிலை என்றால், உங்கள் எஸ்டிகேயில் எது எந்த வெர்ஷனில் மாறியது என்று உங்கள் கோடைப் பார்க்காத ஒரு கருவிக்கு எப்படித் தெரியும்? ஏஜென்சிக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "2-க்கான மாதிரி கோடை 2-ல் ஓட்டிப் பார்த்து, 3-க்கானதை 3-ல் ஓட்டிப் பார்த்து வெளியிடுவீர்களா?" மழுப்பினால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சந்தாவை நிறுத்தினால் பக்கங்கள் எல்லாம் மார்க்டவுனாகக் கையில் கிடைக்குமா, இப்போதைய லிங்க்குகள் உடையாமல் இருக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இடம் மாறிய பிறகு பழைய லிங்க்கைத் திறந்தால் பக்கம் இல்லை என்று வந்து நிற்கும் வாடிக்கையாளரை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இடம் மாற்றிக் கொடுத்தவர்கள் அதற்குள் பில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஓட்டிப் பார்ப்பதுதான் முக்கியம். மாதிரி கோடைப் பக்கத்துக்குள் கையால் ஒட்டாதீர்கள். தனி ஃபைலாக வைக்கச் சொல்லுங்கள், பக்கம் அந்த ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டட்டும். ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணம் தயாரிக்கும் கருவியில் இதற்கு வசதி இருக்கிறது. ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னும் சிஐ (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) அந்த ஃபைல்களை ஓட்டட்டும், ஒன்று தோற்றாலும் ரிலீஸ் நிற்கட்டும். ரஸ்ட் மொழியில், ஆவணத்தில் எழுதும் உதாரணத்தை கார்கோ டெஸ்ட் என்ற கட்டளை தானாகவே ஓட்டிப் பார்த்துவிடுகிறது. பைத்தானிலும் டாக்டெஸ்ட் என்ற அதே வகைக் கருவி கூடவே வருகிறது. இவ்வளவு காலமாக இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை நிறுவனங்கள் ஏன் தொடவே மாட்டேன் என்கின்றன என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. ரிலீஸ் போன பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், "டாக்ஸ் அப்டேட் செய்யவும்" என்று ஒற்றை வரி டிக்கெட் போடுகிறார்கள், என்ன மாறியது என்பதுகூட அதில் இருக்காது. இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர் கூப்பிடும் ஃபங்ஷன் எதையாவது தொடும் புல் ரிக்வெஸ்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) டாக்ஸ் ஃபோல்டரிலும் மாற்றம் இல்லையென்றால் அது மெர்ஜ் ஆகக்கூடாது, அதாவது கோடில் சேரக்கூடாது, அவ்வளவுதான் விதி. வேகம் குறையும் என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். சப்போர்ட் மெயிலுக்குப் பதில் எழுதும் நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

எல்லா வெர்ஷனுக்கும் தனிப் பக்கம் வேண்டாம். 2, 3 என்று பெரிய எண்ணுக்கு மட்டும் போதும். 3.1.4-க்கும் 3.1.5-க்கும் நடுவே பிழைத் திருத்தம் மட்டும் என்றால், சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியலில்) ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடலாம்.

ஒரே ஒரு விஷயம் இந்த விதிக்கு அடங்காது, உங்களுடையது பணம் சம்பந்தப்பட்ட எஸ்டிகே என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்: நாம் எதுவும் கொடுக்காதபோது அதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு, அதாவது டீஃபால்ட். உதாரணத்துக்கு, 3.1.4 வரை நெட்வொர்க் தடுமாறினால் கோரிக்கை ஒருமுறை தோற்று நின்றுவிடும் என்று வையுங்கள். 3.1.5-ல் ஒரு டெவலப்பர் நல்ல எண்ணத்தோடு, தானாகவே இரண்டு முறை மறுபடி முயலட்டும் என்று மாற்றுகிறார். ஃபங்ஷன் பெயர் அதேதான், கொடுக்க வேண்டியதும் அதேதான். மாதிரி கோட் அழகாக ஓடும், சிஐ பச்சை காட்டும். ஆனால் முதல் கோரிக்கை சர்வரில் நிறைவேறி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், கடைக்காரரின் வாடிக்கையாளரிடம் இரண்டாவது தடவையும் பணம் பிடிக்கும், ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஐடம்பொட்டன்சி கீ (அதே கோரிக்கைதான் மறுபடி வருகிறது என்று சர்வர் கண்டுகொள்ள உதவும் தனி அடையாளம்) அனுப்பாதவர்கள் எல்லாரும் மாட்டுவார்கள். அதனால் டீஃபால்ட் மாறினால், அது எவ்வளவு சின்ன ரிலீஸாக இருந்தாலும், அந்த விவரம் இருக்கும் அதே இடத்தில், "3.1.5 முதல் இரண்டு முறை மறுபடி முயலும், அதற்கு முன் முயலாது" என்று எழுதுங்கள். சேஞ்ச்லாகில் மட்டும் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். அதே மாற்றத்தை 2-லும் சேர்த்திருந்தால், 2-ன் பக்கத்தில் 2-ன் எண்ணைப் போட்டு எழுதுங்கள், 3-ல் எழுதியதை அப்படியே ஒட்டாதீர்கள். நேர அளவு விநாடியிலிருந்து மில்லிவிநாடிக்கு மாறினாலும் இப்படித்தான். டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 30 என்று கொடுத்தால் உங்கள் ஆபீஸ் கணினியில் உள்ள போலி சர்வரோடு டெஸ்ட் பாஸ் ஆகும், வாடிக்கையாளரிடம் தோற்கும்.

பழைய பக்கங்களை அழிக்காதீர்கள். வெப்சைட் கட்ட உதவும் பைத்தான் தொகுப்பான ஜாங்கோ செய்வதுபோல, ஆதரவு முடிந்த வெர்ஷனின் பக்கத்தில் அதைப் பளிச்சென்று தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள். எப்போது முடியும் என்ற தேதியையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கான ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) எஸ்டிகேயின் வெர்ஷன் 2-ஐ 2024 செப்டம்பர் 8-ல் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, சரியாக ஒரு வருடம் கழித்து நிறுத்தினார்கள். நீங்களும் உங்கள் 2-க்கு ஒரு தேதி வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டு செட் பக்கங்களை முடிவே இல்லாமல் சுமக்க வேண்டியிருக்கும்.

விக்கி முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றப் போகாதீர்கள். புகார் மெயில்களைத் திறந்து, எந்தப் பக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள், பெரும்பாலும் நிறுவுதல், லாகின், பணம் திருப்பித் தருதல் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அவற்றை மட்டும் இந்த வாரம் ரெப்போவுக்கு மாற்றி, விக்கியின் பழைய பக்கத்தில் புது லிங்க்கைப் போட்டு, எடிட் செய்ய முடியாதபடி பூட்டிவிடுங்கள். பூட்டாமல் விட்டால் யாராவது ஒருவர் அங்கேயே போய்த் திருத்திக்கொண்டிருப்பார்.