பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் லாகின் திரையே திரும்ப வருகிறது: பார்மேட் பண்ணும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸ் மிண்ட்டும் போட்டு வைத்திருக்கிறேன். மிண்ட்டுக்கு 30 ஜிபி ஒதுக்கினேன். ஏழெட்டு மாதமாக நன்றாக ஓடியது. இரண்டு நாளாக, பாஸ்வேர்ட் கொடுத்து என்டர் தட்டினால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி லாகின் திரைக்கே வந்து நிற்கிறது. பாஸ்வேர்ட் தப்பு என்றும் சொல்லவில்லை. கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டவர்கள் எல்லாம் பார்மேட் பண்ணு என்கிறார்கள். இன்னொன்று, மிண்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு இல்லை. கடிகாரத்துக்குக் கடைசியில் வருகிறேன். பார்மேட் வேண்டாம். உங்கள் ரிப்போர்ட் பத்திரமாகத்தான் இருக்கும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பாஸ்வேர்ட் தப்பாக இருந்தால் லாகின் திரை அதை வாய்விட்டுச் சொல்லிவிடும். ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது என்றால் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, டெஸ்க்டாப்பைத் திறக்கப் பார்த்தது, முடியாமல் விழுந்துவிட்டது என்று பொருள். ஏன் விழுந்தது என்பதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள்தான்: டிஸ்க்கில் இடமில்லை, உங்கள் ஃபோல்டரில் ஒரு ஃபைல் ரூட் (சிஸ்டத்தின் முழு அதிகாரமும் உள்ள கணக்கு) பெயருக்கு மாறிப்போயிருக்கிறது, அல்லது கிராபிக்ஸ் டிரைவர் மக்கர் பண்ணுகிறது. 30 ஜிபி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு முதல் காரணத்தின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. மிண்ட் தரப்பில் குறைந்தபட்சம் 20 ஜிபி போதும் என்று சொன்னாலும், வசதியாக ஓட 100 ஜிபி வையுங்கள் என்றுதான் பரிந்துரைக்கிறார்கள்.

ரிப்போர்ட்டை நினைத்துக் கை நடுங்குகிறது என்றால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மிண்ட் இன்ஸ்டால் பண்ணிய அதே பென் டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல், ஃபைல் மேனேஜரைத் திறந்து உங்கள் பார்ட்டிஷனுக்குள் (டிஸ்க்கில் மிண்ட்டுக்கு ஒதுக்கிய பகுதி) ஹோம் ஃபோல்டருக்குப் போய் வேறொரு பென் டிரைவில் காப்பி பண்ணிக்கொள்ளலாம். அப்புறம் நிம்மதியாகக் கை வைக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள் (சில லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேர வேண்டும்). படம் எதுவும் இல்லாத கறுப்புத் திரை வரும், அதில் யூசர் பெயர் கேட்கும், பிறகு பாஸ்வேர்ட் கேட்கும். பாஸ்வேர்ட் தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாது, அது அப்படித்தான், பயப்படாமல் தட்டி என்டர் கொடுங்கள். வலது பக்க எண் விசைகளில் தட்டுகிறவர் என்றால் நம்லாக் அணைந்திருக்கலாம், மேல்வரிசை எண்களையே பயன்படுத்துங்கள். திரும்பி லாகின் திரைக்குப் போக கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7.

கட்டளைகளைப் போனில் சொல்லுகிற மாதிரி உச்சரிப்பில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், நான் தனியாகச் சொன்னால் தவிர எல்லாம் சிறிய எழுத்தில். முதல் கட்டளை ‘டிஎஃப் -ஹெச்’. டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு கோடு, ஹெச், அவ்வளவுதான். ஒரு அட்டவணை வரும். கடைசிப் பத்தியில் வெறும் / குறி மட்டும் இருக்கிற வரியைப் பிடியுங்கள், அதுதான் உங்கள் மிண்ட் பார்ட்டிஷன். அது ஏறக்குறைய இப்படி இருந்தால் நோய் இதுதான்:

/டெவ்/எஸ்டிஏ5   29ஜி   28ஜி   0   100%   /

மொத்தம் 29, செலவானது 28, மீதி பூஜ்யம். கணக்கு உதைக்கிறதே, மீதி 1 ஜிபி எங்கே போனது என்று கேட்பீர்கள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க மிண்ட் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 முறையில் பார்ட்டிஷனின் 5 சதவீதம் ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கப்படுகிறது. டிஸ்க் நிறைந்தாலும் சிஸ்டம் மூச்சுவிட இடம் இருக்கட்டும் என்பதற்காக. சாதாரண யூசரான நீங்கள் அந்த இடத்தில் ஓர் எழுத்துகூட எழுத முடியாது. லாகின் ஆகும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஃபோல்டரில் சில சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும், அதற்கு இடம் கிடைக்காததால்தான் டெஸ்க்டாப் வெளியே தள்ளுகிறது. அதே சமயம் லாகின் திரை மட்டும் ஒழுங்காக வருகிறதே, ஏன்? அதை நடத்தும் புரோகிராம் ரூட்டின் அதிகாரத்தில் ஓடுகிறது, ஒதுக்கிய இடம் அதற்கு உண்டு.

கொஞ்சம் இடம் உடனே கிடைக்க ‘சூடோ ஆப்ட் க்ளீன்’ போடுங்கள் (சூடோ என்பது எஸ்-யு-டி-ஓ, கட்டளையை ரூட்டின் அதிகாரத்தில் ஓட்டச் சொல்வது). அப்டேட்டுக்காக இறக்கி, இன்ஸ்டால் ஆன பிறகும் சும்மா கிடக்கும் பொட்டலங்களை அது அழித்துவிடும், எந்தப் புரோகிராமும் போகாது. அடுத்து ‘சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்கம்-சைஸ்=200எம்’ (முதலில் இரண்டு கோடு, கடைசி எம் பெரிய எழுத்து). சிஸ்டத்தின் பதிவேட்டை 200 எம்பி அளவுக்குச் சுருக்கும் கட்டளை இது. அதை அப்படியே விட்டுவைத்தால் பார்ட்டிஷனில் 10 சதவீதம் வரை வளர்வதற்கு அதற்கு அனுமதி உண்டு, உங்கள் 30 ஜிபியில் அது 3 ஜிபி. இந்த இரண்டுக்கும் பிறகு மறுபடி ‘டிஎஃப் -ஹெச்’ பாருங்கள். மீதி சில நூறு எம்பி காட்டினாலே லாகின் ஆகிவிடும்.

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் அடுத்த வாரம் இதே கேள்வியோடு வருவீர்கள். எது தின்றது என்று கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. ‘சூடோ டியு -எக்ஸ்ஹெச்டி1 /’ என்று போடுங்கள். ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ எடுத்துச் சொல்லும். நடுவில் உள்ள எக்ஸ் முக்கியம், அது இல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவையும் சேர்த்து எண்ணி உங்களைக் குழப்பிவிடும்.

என் ஊகம், அந்தப் பட்டியலில் டைம்ஷிஃப்ட் என்ற ஃபோல்டர் பூதாகாரமாக நிற்கும். டைம்ஷிஃப்ட் நல்ல கருவிதான், அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும், மிண்ட் 19இலிருந்து அதை முன்னே நிறுத்தி எல்லோரையும் ஆன் பண்ணச் சொல்கிறார்கள். சின்ன பார்ட்டிஷன்காரர்களுக்கு அதுவே வினை. முதல் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் சேமிப்பு) உங்கள் சிஸ்டம் முழுவதையும் ஒரு பிரதி எடுக்கும், அதாவது 12 ஜிபி சிஸ்டம் என்றால் அதே டிஸ்க்கில் இன்னொரு 12 ஜிபி. பிறகு எடுப்பவை மாறிய ஃபைல்களை மட்டும் புதிதாகச் சேர்க்கும், ஆனால் கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் மாறிக்கொண்டே இருக்கும்போது அந்த ‘மாறியவை மட்டும்’ என்பதே சில ஜிபிக்குப் போய்விடும். இதில் கொடுமை, நீங்கள் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் எவ்வளவு தேடினாலும் இது கண்ணில் படாது.

‘சூடோ டைம்ஷிஃப்ட் --லிஸ்ட்’ போட்டால் எத்தனை ஸ்னாப்ஷாட் இருக்கின்றன என்று வரும். ‘சூடோ டைம்ஷிஃப்ட் --டெலீட்’ போட்டால் எதை அழிக்க என்று அதுவே கேட்கும், பழையதாகப் பார்த்து எண்ணைக் கொடுங்கள். ஒன்றை அழித்ததும் அதன் முழு அளவு இடம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பல ஸ்னாப்ஷாட்டுகள் ஒரே ஃபைலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, கடைசிப் பங்காளியும் போனால்தான் அந்த ஃபைல் போகும். டெஸ்க்டாப் திறந்த பிறகு டைம்ஷிஃப்ட் செட்டிங்ஸில் ஒன்றிரண்டு ஸ்னாப்ஷாட் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்கு மாற்றுவது இன்னும் நல்லது, ஆனால் அந்த டிஸ்க் லினக்ஸ் முறையில் பார்மேட் ஆனதாக இருக்க வேண்டும், விண்டோஸ் பார்மேட் டிஸ்க்கை அது ஏற்காது.

டைம்ஷிஃப்ட் இல்லை, வார் (வி-ஏ-ஆர்) ஃபோல்டர்தான் பெரிதாக இருக்கிறது என்றால் அதற்குள் லாக் என்ற ஃபோல்டரைப் பாருங்கள்: ‘எல்எஸ் -எல்ஹெச் /வார்/லாக்’. அங்கே சிஸ்லாக் அல்லது கெர்ன்.லாக் பல ஜிபி இருந்தால், ஏதோ ஒரு பிழைச் செய்தி வினாடிக்கு நூறு தடவை எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. ‘டெயில் /வார்/லாக்/சிஸ்லாக்’ போட்டுக் கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். சில லேப்டாப்களில் ‘பிசிஐஇ பஸ் எரர், கரெக்டட்’ என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், வைஃபை கார்டோடு தொடர்புள்ள புலம்பலாக இருக்கும், பிழையைத் தானே திருத்திக்கொண்டும் ஊரைக் கூட்டும். அப்படியானால் கெர்னல் பூட் வரியில் ‘பிசிஐ=நோஏஇஆர்’ சேர்த்தால் அந்தப் புலம்பல் நிற்கும். பெருத்த ஃபைலை ஆர்எம் போட்டு அழிக்காதீர்கள். பதிவு எழுதும் புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பதால், பெயர் மறைந்தாலும் இடம் திரும்பாது, ‘அழித்துவிட்டேன், ஆனாலும் 100%தான்’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ‘சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /வார்/லாக்/சிஸ்லாக்’ என்று உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள்.

பழைய கெர்னல்களும் சேர்ந்துகொண்டே போகும். ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ போட்டால் தேவையில்லாதவற்றை எடுத்துவிடும், அதற்கு முன் எதையெல்லாம் எடுக்கப் போகிறது என்று பட்டியல் காட்டும், படித்துவிட்டு ஒய் தட்டுங்கள். பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் ஃபைல்களை அழிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதே மாதிரி, ப்ளாட்பேக் (புரோகிராம்களைப் போடும் இன்னொரு முறை) வழியாக ஏதாவது போட்டிருந்தால் ‘ப்ளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்ட்’. குப்பைத்தொட்டியையும் பாருங்கள், டெலீட் பண்ணிய சினிமா எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

சரி, ‘டிஎஃப் -ஹெச்’ 60, 70 சதவீதம்தான் காட்டுகிறது, இடப் பிரச்சினையே இல்லை என்றால்? ‘எல்எஸ் -எல்ஏ’ போட்டு, புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற ஃபைலைத் தேடுங்கள். அந்த வரியில் உங்கள் யூசர் பெயருக்குப் பதில் ரூட், ரூட் என்று இருந்தால் அதுதான் குற்றவாளி. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, ஜன்னல் திறக்கும் புரோகிராமை சூடோ போட்டு ஓட்டியிருப்பீர்கள். ‘சூடோ ஆர்எம் .எக்ஸ்அத்தாரிட்டி’ (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து, முன்னால் புள்ளியை விட்டுவிடாதீர்கள்). அடுத்த லாகினில் உங்கள் பெயரிலேயே புதிதாக வந்துவிடும்.

அதுவும் சரியாக இருந்து, லேப்டாப்பில் என்விடியா கார்டு இருந்து, சமீபத்தில் அப்டேட் போட்டீர்கள் என்றால் சந்தேகம் டிரைவர் மேல். புது கெர்னல் வந்திருக்கும், அதற்கேற்ற டிரைவர் உருவாகியிருக்காது. ரீஸ்டார்ட் செய்து, ஊதா அல்லது கறுப்புத் தேர்வுப் பட்டியலில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸும் இருப்பதால் உங்களுக்கு அந்தப் பட்டியல் தானாகவே வரும். பழைய கெர்னலில் உள்ளே போக முடிந்தால் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கும் டிரைவரை மறுபடி போடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து பாஸ்வேர்ட் கேட்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அதில் ஒப்புதல் கொடுக்காவிட்டால் டிரைவர் ஏறாது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 கூட வேலை செய்யவில்லை என்றால் அதே அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் ரெகவரி மோட் இருக்கிறது. அதில் ‘க்ளீன்’ என்ற தேர்வு இடத்தைக் காலி செய்யப் பார்க்கும், ‘ரூட்’ என்பது மேலே சொன்ன, இடத்தைக் காலி செய்யும் கட்டளைகளைத் தட்ட ஒரு கட்டளைத் திரை தரும். அதில் சூடோ தேவைப்படாது.

கடிகாரம். மதர்போர்டில் பேட்டரியோடு ஓடும் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், மிண்ட் திருத்தி வைத்ததை விண்டோஸ் அப்படியே படித்து ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. மிண்ட்டில் டெர்மினலைத் திறந்து ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒரே ஒரு முறை போடுங்கள். இது சிபாரிசு செய்யப்படும் முறை அல்ல என்று ஓர் எச்சரிக்கை காட்டலாம். கோடைக்காலத்தில் மணியை மாற்றி வைக்கும் நாடுகளில்தான் அது பெரும் தலைவலி, நமக்கு அந்த வழக்கம் இல்லை, தாராளமாகப் போடலாம். அதற்குப் பிறகு ஒரு தடவை விண்டோஸில் நேரத்தைச் சரி செய்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

உள்ளே போன பிறகு, விண்டோஸ் பக்கம் இடம் சும்மா கிடந்தால் அங்கிருந்து 40, 50 ஜிபி எடுத்து மிண்ட்டுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள், மிண்ட்டைப் பெரிதாக்குவதைப் பென் டிரைவில் பூட் செய்து, அதிலுள்ள ஜிபார்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில். அதற்கு முன் ரிப்போர்ட் பென் டிரைவில் இருக்கிறதா என்று இன்னொரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.