ஒட்டுச் செடியும் ஒட்டிக்கொண்டு வருவதும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொய்யாவைப் பற்றியவை. மிச்சத்தில் சாத்துக்குடி, திராட்சை, மா. எல்லாமே ஒட்டுக் கட்டிய செடிகள், எல்லாத் தொல்லையும் மண்ணுக்குக் கீழே. கொய்யாக்காரர்கள் ரொம்பவே பதறிப் போயிருப்பதால் அவர்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. ஒன்றரை ஏக்கரில் தைவான் பிங்க் கொய்யா ஒட்டு வைத்து இது இரண்டாவது வருஷம். சில மாதங்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள் வெளுத்து, இலை ஓரம் கருகி, செம்பு நிறமாகி உதிர்கின்றன. காய் பெருக்காமலே பழுத்துவிடுகிறது. உரக்கடையில் வாடல் நோய் என்று பூஞ்சணக் கொல்லி கொடுத்தார்கள். துத்தநாகக் குறை என்று இன்னொருவர் சொன்னார். இரண்டுக்கும் செலவு செய்துவிட்டேன், பூஞ்சணக் கொல்லி ஏன் பலிக்கவில்லை? ஒட்டுச் செடிக்கு வேர் நோய் வராது என்று சொல்லித்தான் விற்றார்கள். — ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் இலை, காய், கிளை. வேர் ஒன்றில்கூட இல்லை. வாடிய மரத்தை விட்டுவிடுங்கள். வாட ஆரம்பித்திருக்கும் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சொட்டுநீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழம் கிளறி, சல்லிவேரை மண்ணோடு எடுத்து ஒரு பக்கெட் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேர் சீராக ஓடாமல், இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. நீங்கள் சொல்லும் செம்பு நிறமும் பெருக்காத காயும் எனக்கு அதைத்தான் சொல்கின்றன. சத்துக்குறை என்று சொன்னவர் பாதி சரி. மண்ணில் சத்து இருக்கிறது, வீங்கிப்போன வேரால் அதை எடுக்க முடியவில்லை. இலையில் தெரிவது அந்தப் பட்டினி.

இந்தப் புழு கண்ணுக்குத் தெரியாது. முட்டையிலிருந்து வரும் இளம்புழு மண்ணின் ஈரத்தில் நகர்ந்து, வேர் நுனிக்குப் பக்கத்தில் உள்ளே நுழைகிறது. நுழைந்த இடத்தில் வேரின் செல்களைப் பெரிதாக ஊதவைத்து, அங்கேயே உட்கார்ந்து உறிஞ்சுகிறது. பெண் புழு பேரிக்காய் வடிவத்தில் உப்பி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பசை போன்ற ஒரு பையில் இடும். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். வருஷம் முழுக்க ஈரம் காயாத சொட்டுநீர்த் தோட்டத்தில் அதற்கு விடுமுறையே கிடையாது.

கொய்யாவைச் சாய்ப்பது வேர்முடிச்சுப் புழுக்களிலேயே முரடான ஒன்று. மெலாய்டோகைன் என்டெரோலோபி என்று பெயர். 1983இல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரில் கண்டுபிடித்து விவரித்தார்கள். இந்தியாவில் கொய்யாவில் இருப்பதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தார் 2016இல் பதிவு செய்தார்கள்; அதுவும் உங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்துதான். வழக்கமான வேர்முடிச்சுப் புழுவைத் தாங்கும் தக்காளி ரகங்களைக்கூட இது விட்டுவைப்பதில்லை.

பூஞ்சணக் கொல்லி ஏன் பலிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வேரில் பியூசேரியம் பூஞ்சணமும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் பிரேசிலில் இதை ஆராய்ந்தபோது, பியூசேரியம் சொலானி தனியாக நின்று நல்ல கொய்யா வேரை அழுக வைக்கவில்லை. புழு புகுந்த வேரைத்தான் அழுக வைத்தது. கதவைத் திறந்துவிட்டவன் உள்ளே இருக்க, பின்னால் வந்தவனை மட்டும் விரட்டினால் என்ன ஆகும்?

இப்போது "ஒட்டுக்கு வராது" என்ற வசனத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒட்டு என்றால் மேலே ஒரு மரம், கீழே ஒரு மரம். மண்ணில் இருப்பது கீழே உள்ளது. அது எது என்று விற்றவரைக் கேட்டீர்களா? நம் சந்தையில் கொய்யா ஒட்டு என்று வருவதில் கீழே இருப்பதும் பெரும்பாலும் சாதாரணக் கொய்யா விதைக்கன்றுதான். பதியன் செடியாக இருந்தால் அதற்குக் கீழ்ச்செடி என்று ஒன்றே கிடையாது, தன் சொந்த வேரிலேயே நிற்கிறது. இரண்டையும் இந்தப் புழு விரும்பித்தான் சாப்பிடும். காய் நன்றாக வருவதற்கும், சீக்கிரம் வருவதற்கும் ஒட்டு உதவும். வேருக்கு எந்த உத்தரவாதமும் அதில் இல்லை.

புழுவைத் தாங்கும் வேர்க்கட்டை, அதாவது கீழ்ச்செடி, உலகத்தில் இல்லாமல் இல்லை. பிரேசிலின் எம்ப்ராபா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கொய்யாவோடு அதன் காட்டு உறவு ஒன்றைக் கலந்து 'பிஆர்எஸ் குவாராசா' என்ற கட்டையை இந்தப் புழுவுக்காகவே உருவாக்கியிருக்கிறது. ஸ்ட்ராபெரி கொய்யா என்கிற சிறு பழ இனமும் புழுவைத் தாங்கும், ஆனால் நம் கொய்யாவை அதன்மேல் கட்டினால் சரியாகச் சேராமல் அடம்பிடிக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் வாடல் நோய்க்காக ஒரு கலப்பினக் கட்டை வைத்திருக்கிறது. அடுத்த முறை நர்சரியில் "என்ன ரகம்?" என்று கேட்ட கையோடு "என்ன கட்டை?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு பதில்.

சரி, இருக்கிற மரங்களுக்கு என்ன வழி? முற்றாக வாடியதை வேரோடு தோண்டி எடுத்து, அங்கேயே எரித்துவிடுங்கள். வேலி ஓரத்தில் குவித்து வைக்க வேண்டாம். மீதி மரங்களுக்கு நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு டன்னுக்கு, பர்பூரியோசிலியம் லிலாசினம், டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மூன்றும் இரண்டிரண்டு கிலோ கலந்து, நிழலில் ஈரம் காயாமல் பதினைந்து நாள் மூடி வையுங்கள். பிறகு மரத்துக்கு இரண்டு மூன்று கிலோ, வேப்பம் புண்ணாக்கோடு சேர்த்து, சல்லிவேர் ஓடும் வட்டத்தில் போட்டு மண் அணையுங்கள். வெறும் மண்ணில் பொட்டலத்தைத் தூவிவிட்டுப் போவது காசைத் தூவுவதுதான். அந்த உயிரிகளுக்கு உணவும் ஈரமும் வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும். புளுவோபைரம் என்ற நூற்புழுக் கொல்லி கடையில் கிடைக்கிறது. வாங்கும் முன் லேபிளில் உங்கள் பயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு அளவு வாங்குங்கள். போரேட் குருணை வாங்கிப் போடச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது 2020 கடைசியோடு தடை செய்யப்பட்ட சரக்கு.

மொத்தப் புழுவையும் ஒழித்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் மரம் போயிருந்தால், இருப்பதைத் தேற்றுவதைவிடத் தோட்டத்தை எடுத்துவிடுவது லாபம். கால்வாசிதான் என்றால் தேற்றலாம்.

கேள்வி: மேடம், அதே கொய்யா வேர்முடிச்சு. மரங்களுக்கு நடுவே சும்மா கிடக்கும் இடத்தில் தக்காளி, மிளகாய் போட்டு நஷ்டத்தை ஈடுகட்டலாமா? — நத்தம்

பதில்: வேண்டவே வேண்டாம். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை எல்லாமே இந்தப் புழுவுக்குப் பந்தி. பப்பாளியும் வாழையும்கூட. கொய்யாவில் இருப்பது போதாதென்று நீங்களே இன்னொரு அடுப்பு மூட்டுவீர்கள். செண்டுமல்லி போடுங்கள். அதன் வேரில் இந்தப் புழு பெருகாது, பூவும் காசாகும். நிலக்கடலையையும் இது சீண்டுவதில்லை. மடக்கி உழுகிற எண்ணம் இருந்தால் சணப்பை நல்லது. களையை மறந்துவிடாதீர்கள், பயிரை மாற்றிவிட்டுக் களையை விட்டுவைத்தால் புழு களை வேரிலேயே குடித்தனம் நடத்தும். நோய் உள்ள பக்கம் ஓடிய கலப்பையைக் கழுவாமல் நல்ல பக்கம் ஓட்டாதீர்கள்.

கேள்வி: அக்கா, வெளி மாநிலத்திலிருந்து லாரியில் இறக்கும் ஒட்டுச் செடிகளில் நோய் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பையைக் கிழிக்க விடமாட்டேன் என்கிறார்கள். — ஒரு வாசகி, பழனி

பதில்: விடமாட்டார்கள்தான், நானும் நர்சரி வைத்திருப்பவள், செடிக்காரர் சங்கடம் எனக்குத் தெரியும். அதனால் பேரத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்: "நூறு செடிக்கு இரண்டு செடி நான் எடுக்கிறதைக் கிழிப்பேன், அந்த இரண்டுக்கும் காசு தருகிறேன்." நல்ல நர்சரிக்காரர் சம்மதிப்பார். தளதளவென்று இருக்கும் செடியை எடுக்க வேண்டாம். கூட்டத்தில் கொஞ்சம் சோர்ந்து நிற்பதை எடுங்கள். மண்ணை உதறாமல் தண்ணீரில் ஊறவிட்டு அலசுங்கள், உதறினால் சல்லிவேர் அறுந்து முடிச்சும் மண்ணோடு போய்விடும். ஒரு செடியில் முடிச்சு இருந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். "மற்றதில் இருக்காது" என்பார்கள். எல்லாப் பைக்கும் ஒரே குவியல் மண்ணைத்தான் அள்ளியிருப்பார்கள்.

சொந்தமாகக் கன்று போடுபவர்கள், பைமண்ணைச் சித்திரை வெயிலில் ஈரப்படுத்தி, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் தாளால் இறுக்கி மூடி நான்கிலிருந்து ஆறு வாரம் வையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அதில் மண் அவ்வளவு சூடேறாது. ஆறு அங்குலத்துக்கு மேல் குவித்தால் அடிமண் வேகாது.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மையீர், என் சாத்துக்குடி ஒட்டு மரங்களில் தூரிலிருந்து பிசின் வடிகிறது. பட்டை வெடித்து உள்ளே பழுப்பாக இருக்கிறது. ஐந்து வயது மரங்கள். சுற்றிப் பாத்தி கட்டி நிறையத் தண்ணீர் விடுகிறேன். — புளியங்குடி

பதில்: ஐயா, உங்கள் கடைசி வரியில் பாதி விடை இருக்கிறது. இது பைட்டாப்தோரா, பூஞ்சணம் போன்ற ஒரு நுண்ணுயிர். அதன் வித்து தண்ணீரில் நீந்தும். தூரைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றால் அதற்கு வேறு வாகனமே வேண்டாம். அடுத்த பாதி, ஒட்டு எங்கே இருக்கிறது என்பது. மண்ணை விலக்கிப் பாருங்கள். நடும்போது ஆழமாக வைத்தோ, பிறகு மண் அணைத்தோ ஒட்டுப் பகுதி புதைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒட்டுக்கு மேலே உள்ள சாத்துக்குடிப் பட்டைக்கு இந்த நோயைத் தாங்கும் தெம்பு கிடையாது. எலுமிச்சை இனத்தில் ஒட்டுக் கட்டுவது பரவியதற்கு ஒரு பெரிய காரணமே இந்த நோய்தான். 1842 வாக்கில் அசோர்ஸ் தீவுகளில் விதைக்கன்றாக நின்ற ஆரஞ்சு மரங்களை இது வாரிக்கொண்டு போக, அதற்குப் பிறகுதான் புளிப்பு ஆரஞ்சுக் கட்டைமேல் ஒட்டுக் கட்டுவது பல நாடுகளில் வழக்கமானது. அந்தக் கட்டைக்கும் 1930களில் தென் அமெரிக்காவில் டிரிஸ்டெசா வைரஸ் ரூபத்தில் வேறு எமன் வந்தான், அது வேறு கதை. ஆக, தாங்கும் கட்டையை வாங்கிவிட்டு ஒட்டுப் பகுதியை மண்ணில் புதைத்தால், கொடுத்த காசு அத்தனையும் வீண்.

ஒட்டு குறைந்தது அரை அடி மண்ணுக்கு மேலே தெரியும்வரை தூரைச் சுற்றி மண்ணை எடுங்கள். அழுகிய பட்டையைக் கத்தியால் நல்ல பட்டை தெரியும்வரை செதுக்கி, போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். இரும்புச் சட்டியில் கலக்காதீர்கள், பிளாஸ்டிக் வாளி போதும். பளபளக்கும் கத்தியை அதில் முக்கி எடுத்தால் செம்பு படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை, தூரிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை. பாத்தியை இரட்டை வட்டமாக மாற்றி, உள்வட்டம் காய்ந்தும் வெளிவட்டம் ஈரமாகவும் இருக்கும்படி பாருங்கள்.

தூரைச் சுற்றிப் பாதிக்கு மேல் பட்டை போன மரத்துக்கு ஒரு வேலை செய்யலாம், பொறுமை வேண்டும். ரங்பூர் லைம் என்ற வேர்க்கட்டை இனத்தின் கன்றுகள் இரண்டு மூன்றைத் தூரைச் சுற்றி நட்டு, வளர்ந்ததும் அவற்றின் தலையைச் சீவி, புண்ணுக்கு மேலே நல்ல பட்டையில் செருகி ஒட்டவிட வேண்டும். பிடித்துக்கொண்டால் மரம் புது வேரில் நிற்கும். நல்ல காய்ப்பு மரமாக இருந்தால் மட்டும் மெனக்கெடுங்கள்.

இன்னொன்று. அலசும்போது சல்லிவேரில் மண் எவ்வளவு கழுவினாலும் போகாமல் அப்பிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். அது எலுமிச்சை நூற்புழுவின் முட்டைப் பசையாக இருக்கலாம். அதில் முடிச்சு வராது, அதனால் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: கம்பத்தில் பன்னீர் திராட்சை. சொந்த வேர்க் கொடிகள் நூற்புழுவால் நலிகின்றன. ஒட்டுக்கு மாறலாமா? — கம்பம்

பதில்: மாறலாம். திராட்சையில் மட்டும் 'ஒட்டு' என்ற சொல்லை நம்பலாம், கட்டை டாக்ரிட்ஜாக இருந்தால். அது வேர்முடிச்சுப் புழுவை நன்றாகத் தாங்கும். ஆனால் கொடியை முரட்டுத்தனமாக வளர்க்கும். தழைச்சத்தைக் குறைத்து, கவாத்தில் கவனமாக இல்லாவிட்டால் பந்தல் நிறைய இலைதான் பார்ப்பீர்கள்.

கேள்வி: புதிதாக நட்ட மா ஒட்டுகளில் கரையான். குழியில் சாணமும் நிறையப் போட்டேன். வெள்ளை வெள்ளையாகப் பெரிய புழுக்களும் இருக்கின்றன. — கிருஷ்ணகிரி

பதில்: சாணம் மக்காமல் போட்டீர்கள் என்று கரையானே சாட்சி சொல்கிறது. பச்சைச் சாணம், காய்ந்த ஓலை, மரத்தூள் எதுவும் குழிக்குள் போகக்கூடாது. இருப்பதை வாரி வெளியே எடுத்து, மக்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் போட்டு மூடுங்கள். கன்று வாடவிடாமல் தண்ணீர் கொடுங்கள், கரையான் பெரும்பாலும் வாடியதைத்தான் தேடி வரும். வெள்ளைப் புழுவில் இரண்டு சாதி உண்டு. கட்டைவிரல் தடிமனில் எருக்குழியில் கிடப்பது காண்டாமிருக வண்டின் புழு. அது எருவைத் தின்னும், உங்கள் மாங்கன்றின் வேருக்கு வராது, தென்னைக்காரர்தான் அதற்குப் பயப்பட வேண்டும். சின்னதாக, ஆங்கில சி எழுத்துபோல் வளைந்து வேர்ப்பக்கத்து மண்ணில் இருப்பதுதான் வேர்ப்புழு. அதற்கு மெட்டாரைசியம் பூஞ்சணத்தை எருவில் கலந்து போடுங்கள். கோடையின் முதல் மழைக்கு வண்டுகள் மாலையில் வெளியே வரும். அந்த வாரத்தில் விளக்குப்பொறி வைத்தால் பிறகு வரும் புழு குறையும். வேம்பிலும் முருங்கையிலும் வந்து உட்காரும் வண்டுகளைக் கிளையை உலுக்கி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் விழவைக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே வாரத்தில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவர் வண்டு உங்கள் மண்ணில் முட்டையிடும்.