ஆய்வு முறையியலை மட்டும் நம்பி உளவியல் பேராசிரியர் ஆக முடியுமா?

கோவையில் எம்.எஸ்சி. உளவியல் படிப்பவர், கவுன்சலிங் பக்கம் போகாமல் ஆய்வு முறையியலில், அதாவது ஆய்வை எப்படித் திட்டமிடுவது, தரவை எப்படிச் சேகரித்து அலசுவது என்கிற பிரிவில், இறங்கினால் பிழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார்.

உண்டுங்க. முதுகலையில் 55 சதவீதம், அப்புறம் நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வு, இல்லையென்றால் பிஎச்டி. உதவிப் பேராசிரியர் வேலைக்கு வாசல் இதுதான். ஆனால் முறையியலுக்கென்று தனிப் பணியிடம் அபூர்வம். உளவியல் ஆசிரியராகச் சேர்ந்து, மற்றவர்கள் தள்ளிவிடும் புள்ளியியல் தாளை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருப்பூரில் மூன்று பனியன் கம்பெனிகளில் 300 பேரிடம் மன அழுத்தம் பற்றிய கேள்வித்தாளைக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரே சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறவர்களின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும். அவற்றை 300 தனித்தனிப் பதில்களாக எண்ணிக் கணக்குப் போட்டால் முடிவு பிசகும். அந்தச் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டே நிரப்பச் சொன்னாரா என்பது இன்னொரு தலைவலி! இதையெல்லாம் கையாளத் தெரிந்தவரை மற்ற துறைக்காரர்களும் தேடி வருவார்கள். கட்டுரைகளில் பெயரும் சேரும்.

2015-ல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். சுமார் 36 சதவீதத்தில்தான் பழைய முடிவு புள்ளியியல் அளவில் மீண்டும் தேறியது. அதன்பின் முறையியல்காரர்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. புள்ளியியல் கணக்குக்கான 'ஆர்' (R) மென்பொருள் இலவசம்தான், இந்த செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள்.