புதுக் காரில் பிரேக் பெடல் இறங்கினால்

புதுக் காரில் பிரேக் பெடல் இறங்குகிறது, மதுரை சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இழுவை வண்டியை ஷோரூமே அனுப்பட்டும். கார் எடுத்துப் பத்து நாள், பிள்ளையார்பட்டிப் பூஜையில் கட்டிய எலுமிச்சம்பழம்கூட இன்னும் காயவில்லை. அதற்குள் சிக்னலில் மிதித்து நிற்கும்போது பெடல் இறங்குகிறது என்றால், "ஓட ஓட செட் ஆகிவிடும்" என்று காரைக்குடி ஷோரூமில் சொன்னதை ஏற்காதீர்கள். பிரேக் அப்படி செட் ஆகிற சாமான் இல்லை.

பிரேக் ஆயில் குறையவில்லை என்கிறீர்கள். அப்படியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள், அதாவது பெடலை மிதிக்கும் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் பாகத்துக்குள், இருக்கும் ரப்பர் சீல் கசியலாம். சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்துப் பாருங்கள். இறங்கிக்கொண்டே போனால் பெரும்பாலும் அதுதான். இரண்டு மூன்று மிதியில் கெட்டியானால் குழாயில் காற்று இருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் நொடியில் கொஞ்சம் இறங்குவது இயல்பு, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அப்புறம், சர்வீஸ் சென்டரில் வண்டியின் குறைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள். நீங்கள் சொன்ன குறை அப்படியே இருக்கட்டும். வீடியோவும் எடுங்கள்.

ஷோரூம்காரர்கள் மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முதல் பழுதுக்கே புது வண்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.