வாசகர் கேள்விகள்: எண்ணெய் வைத்தும் வறளும் சுருட்டை முடி

கேள்வி: எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தடவித்தான் தலை வாருகிறேன். ஆனாலும் மதியத்திற்குள் தேங்காய் நாரைப் போல வறண்டுவிடுகிறது. எண்ணெயைக் கூட்டினால் முகத்தில் வழிகிறதே தவிர, முடி மென்மையாகவில்லை. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். என்ன செய்யலாம்?
– வாசகி, நாமக்கல்

பதில்: எண்ணெய் வைத்தாலே முடிக்கு ஈரம் கிடைத்துவிடும் என்று எண்ணிப் பழகிவிட்டோம், உங்கள் சிரமம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முடிக்கு ஈரம் தருவது தண்ணீர். அந்த ஈரம் விரைந்து வெளியேறாமல் காப்பதே எண்ணெயின் வேலை. காய்ந்த முடியில் தடவும் எண்ணெய் பளபளப்பைத் தரலாம், வறட்சியைப் போக்காது.

தலையில் சுரக்கும் இயற்கையான எண்ணெய்ப்பசை நேரான முடியில் வேரிலிருந்து நுனிவரை எளிதாக இறங்கிவிடும். வளைந்து வளைந்து செல்லும் முடியில் அது பாதி வழியிலேயே தங்கிவிடுவதால், வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் சேர்ந்து காணப்படுகின்றன. முடியின் மேற்புறத்தில் ஓட்டு வீட்டுக் கூரையைப் போல அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கின்றன. வளைவுகளில் அவை எளிதில் தூக்கிக்கொள்ளும். ஈரம் அவ்வழியே வெளியேறுவதோடு, பக்கத்து முடியுடன் உரசிச் சிக்கும் விழும்.

தேங்காய் எண்ணெயை நிறுத்த வேண்டாம், தடவும் நேரத்தை மாற்றுங்கள். தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவிலோ, குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகவோ தடவினால், அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவி, நனையும்போது முடி அளவுக்கு மீறி உப்புவதைக் குறைக்கும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே.

குளித்தபின் துண்டால் தேய்த்துத் துவட்டாதீர்கள். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். முடி நல்ல ஈரமாக இருக்கும்போதே, அலசத் தேவையில்லாத கண்டிஷனரையோ ஆளிவிதைக் கூழையோ பூசி, அதன்மேல் நான்கைந்து சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிகளில் மட்டும் தடவுங்கள். ஆளிவிதைக் கூழை வீட்டிலேயே செய்யலாம்: 2 மேசைக்கரண்டி விதையை 2 கோப்பை நீரில் கொதிக்கவிட்டு, முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் இழுபடும் பதத்தில் சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறவிட்டால் துணி வழியே இறங்காது. நான் ஒருமுறை ஆறவிட்டு, துணியோடு தூக்கி எறிந்திருக்கிறேன். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் முடியில் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும். சோப்புக் கட்டியைத் தலைக்குப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். சோப்பும் இந்த உப்புகளும் சேர்ந்து அலசினாலும் போகாத பிசுக்காக மாறுகின்றன. குளித்து முடிக்கையில் ஒன்றிரண்டு குவளை குடிநீரால் தலையை அலசுங்கள். சீயக்காய் தேய்ப்பவரானால், வெறும் நீருக்குப் பதிலாக வடிகஞ்சியில் கரைத்துத் தேய்க்கும் பழைய வழக்கத்தைத் தாராளமாகப் பின்பற்றலாம். முடி அவ்வளவு முரடாகாது.

கேள்வி: கோயம்புத்தூரில் இருந்தபோது எனக்கு நன்றாகப் பயன்பட்ட அதே ஜெல், தூத்துக்குடிக்கு வந்தபின் முடியைப் பஞ்சுபோல் உப்ப வைக்கிறது. ஜெல் கெட்டுவிட்டதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஜெல் கெட்டிருக்க வாய்ப்பில்லை, காற்றுதான் மாறியிருக்கிறது. இத்தகைய ஜெல்கள் பலவற்றில் சேரும் கிளிசரின் நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் பொருள். கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகும்போது அது காற்றிலுள்ள நீரை முடிக்குள் இழுக்க, முடி உப்பிச் சுருள் கலைந்துவிடும். மிகவும் வறண்ட காற்றில் இதற்கு நேர்மாறாக, முடியின் ஈரத்தையே அது இழக்கச் செய்யலாம். சேர்மானப் பட்டியலில் பொருள்கள் பொதுவாக அளவின் இறங்குவரிசையில் இருக்கும். முதல் நான்கைந்து பெயர்களுக்குள் கிளிசரின் இல்லாத ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: என் ஏழு வயது மகளுக்கு ஸ்பிரிங் போல நெருங்கிச் சுருண்ட முடி. பள்ளிக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம். தினமும் காலையில் சீப்பைப் பார்த்தாலே அழுகிறாள்.
– ஒரு தாய், மதுரை

பதில்: சுருட்டை முடி சோறு போடும் என்பார்கள், அதை வாருவதற்கு ஆகும் நேரத்தைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. காய்ந்த முடியில் சீப்பு வைப்பதை இன்றே நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டும்போது முடியை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, முதலில் விரல்களாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும், நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுங்கள். அலசியபின் ஈரத்தோடு தளரப் பின்னிவிடுங்கள். பள்ளி நாட்களில் நீர் தெளித்து, கையால் நீவி, பின்னலை மட்டும் புதுப்பித்தால் போதும். பருத்தித் தலையணை உறை முடியோடு உரசி ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால், கிழிந்த பட்டுப் புடவை இருந்தால் அதில் ஓர் உறை தைத்துவிடுங்கள்.

பள்ளிக்காகப் பின்னலை இறுக்கிக் கட்டாதீர்கள். நெற்றியோரத்தில் முடி மெலிவதோ சிறு கொப்புளங்களோ தென்பட்டால் பின்னலை உடனே தளர்த்தி, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இழுவிசை நீண்ட காலம் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி மீண்டும் முளைக்காமல் போகக்கூடும்.