தடவ ஒரு பேட், எடுக்க நாலு துணி

கேள்வி: சார், மூன்று வருடம் ஓடிய கறுப்பு கார் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். டப்பா வேக்ஸ் வாங்கி, அதோடு வந்த சின்ன ஸ்பாஞ்சில் தடவி, பனியன் துணியால் துடைத்து எடுத்தேன். நிழலில் பார்த்தால் பளபளக்கிறது, வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள். வேக்ஸ் சரியில்லையா? எதை வைத்துத் தடவ வேண்டும், எதை வைத்து எடுக்க வேண்டும்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேக்ஸ் மீது எனக்குச் சந்தேகம் இல்லை, பனியன் துணி மீதுதான் சந்தேகம். பழைய உரிமையாளர் காலத்துக் கீறல்களும் கலந்திருக்கலாம், ஆனால் நீங்கள் துடைத்ததும் சேர்ந்திருக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருப்பூரிலிருந்து வருகிற பனியன் வேஸ்ட் ஒர்க்‌ஷாப்பில் ஆயில் துடைக்க அருமையான சாமான். ஒரு கிலோ பையைப் பிரித்துப் பாருங்கள், தையல் விளிம்பு இருக்கும், எலாஸ்டிக் துண்டு இருக்கும், பிரிண்ட் போட்ட துணி இருக்கும். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். பெயின்ட்டின் மேலே இருக்கிற கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், அதாவது தலைமுடியின் பருமன்கூட இல்லை, அதன் மீது அந்தத் தையலை அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கறுப்பு வண்டி எதையும் மறைக்காது.

பழைய வேட்டி, லுங்கி மிருதுவாக இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கைக்கு மிருதுதான். ஆனால் தட்டையான நெசவு. காய்ந்த வேக்ஸும் கண்ணுக்குத் தெரியாத தூசியும் உள்ளே போக இடம் இல்லாததால், துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு இழுபடும். மைக்ரோஃபைபர் துணியில் குட்டி குட்டி இழைகள் நிமிர்ந்து நிற்கும், ஒவ்வொரு இழையும் இன்னும் மெல்லியதாகப் பிளக்கப்பட்டிருக்கும், எடுத்த வேக்ஸ் அந்தச் சந்துகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். எடுக்கும் துணிக்கு இந்தக் குணம்தான் முக்கியம், அதனால் காசை அங்கேதான் போடச் சொல்வேன். விலை உயர்ந்த வேக்ஸை மட்டமான துணியால் எடுப்பதைவிட, சாதாரண வேக்ஸை நல்ல துணியால் எடுப்பது எவ்வளவோ மேல்.

வாங்கும்போது ஜிஎஸ்எம் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. வேக்ஸ் எடுக்க 300 முதல் 400 போதும். 600, 800 என்று கம்பளி மாதிரி இருப்பவை தண்ணீர் ஒற்ற நல்லவை, வேக்ஸ் எடுக்கும்போது கனமாக இழுக்கும். விளிம்பில் கெட்டித் தையல் இல்லாததாகப் பாருங்கள், லேபிள் இருந்தால் முதல் வேலையாக அதை வெட்டிவிடுங்கள். துணி மீது நம்பிக்கை வராவிட்டால், வீட்டில் தூங்கும் பழைய சிடி ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், அதில் கீறல் விழுந்தால் அந்தத் துணியை டயருக்கும் வீலுக்கும் ஒதுக்கிவிடலாம்.

தடவுவதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். டப்பாவில் வருகிற மெல்லிய ஸ்பாஞ்ச் மோசம் இல்லை, ஆனால் விரல் அழுத்தம் அப்படியே கீழே இறங்கும், ஒரு இடத்தில் கனமாகவும் ஒரு இடத்தில் மெலிதாகவும் விழும். உள்ளங்கை அளவு வட்டமான ஃபோம் பேட் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். டப்பா வேக்ஸ் என்றால் பேடில் தண்ணீரை லேசாகத் தெளித்து, ஈரப்பதம் மட்டும் இருக்கிற மாதிரி பிழிந்துவிட்டு எடுங்கள், சீராகப் பரவும். பாட்டிலில் வருகிற திரவ வேக்ஸுக்கு மைக்ரோஃபைபர் பேடும் சரிதான், என்ன, அது கொஞ்சம் கூடக் குடிக்கும்.

எடுக்கும்போது துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு கதவுக்கு ஒரு முகம் என்று மாற்றிக்கொண்டே போங்கள். முதல் துணியில் பெரும்பகுதியை எடுத்து, இரண்டாவது சுத்தமான துணியால் மெதுவாக மெருகேற்றுங்கள். ஒரு காருக்கு நாலு துணியாவது கையில் இருக்கட்டும். கீழே விழுந்த துணி அன்றைக்கு வேண்டவே வேண்டாம். நான் ஒரு முறை விழுந்ததை உதறிவிட்டுத் தொடர்ந்தேன், ஒரு மணல் துகள் போதுமானதாக இருந்தது, அந்தக் கோடு இன்னும் என் வண்டியின் பின்கதவில் இருக்கிறது.

இருக்கிற கீறல்கள் வேக்ஸால் போகாது, கொஞ்சம் மறையும், அவ்வளவுதான். அதற்கு பாலிஷ் வேண்டும், அது தனி வேலை.

கேள்வி: மொட்டை வெயிலில் வேக்ஸ் போட்டுவிட்டேன். காய்ந்து கல் மாதிரி பிடித்துக்கொண்டது, எவ்வளவு தேய்த்தாலும் திட்டுத் திட்டாக நிற்கிறது. எழுத்துகளின் இடுக்கிலும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் வெள்ளையாகிவிட்டது.
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள், அம்மா. வண்டியை நிழலுக்குக் கொண்டுபோய், தகடு கைக்குக் குளிர்ந்த பிறகு, திட்டு இருக்கும் இடத்தில் அதே வேக்ஸை மெலிதாக மறுபடி தடவி உடனே துடையுங்கள். புதிய வேக்ஸில் உள்ள கரைப்பான் பழையதை இளக்கிவிடும், சேர்ந்தே வந்துவிடும். பல கார் வேக்ஸ்களில் சேர்க்கிற கார்னவ்பா மெழுகு பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது, இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் கனமாகப் பூசிக் காயவிட்டால் பலத்தால் எடுக்க முடியாது. அடுத்த முறை ஒரு பகுதி தடவி, விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், ஈஷாமல் சுத்தமாக வந்தால் எடுக்கும் நேரம்.

இடுக்குகளுக்கு மிருதுவான பெயின்ட் பிரஷ் அல்லது குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷ் போதும். கறுப்பு பிளாஸ்டிக்கில் பிள்ளைகளின் பென்சில் அழிரப்பரைத் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். அடுத்த முறை மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: மைக்ரோஃபைபர் துணியை வீட்டு வாஷிங் மெஷினில் போடலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக, ஆனால் தனியாக. பருத்தித் துண்டோடு போட்டால் அதன் பஞ்சு முழுவதும் இதில் ஒட்டும். சோப்புத் திரவம் கொஞ்சமாக, வெதுவெதுப்பான தண்ணீர். துணி மணக்க ஊற்றுகிற கண்டிஷனர் கூடாது, இழைகளை அடைத்துவிடும். பிளீச்சிங்கும் வேண்டாம். கொடியில் நிழலில் போட்டுக் காய்ந்ததும் உதறி, மூடிய டப்பாவில் வையுங்கள். புதிதாக வாங்கியதையும் ஒரு முறை அலசிவிட்டே வண்டியில் வையுங்கள்.