வாசகர் கேள்விகள்: குமிழி உடையும் இடம்

கே: கிணற்று மேட்டில் 5 ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார் ஓடுகிறது. கோடையில் தண்ணீர் இறங்கியதும் பம்புக்குள் சரளைக்கல் உருளுகிற சத்தம். கழற்றினால் இம்பெல்லர் (உள்ளே சுழலும் இறகுச் சக்கரம்) அரித்துக் கிடக்கிறது. மணல்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். சரிதானா?
வாசகர், பல்லடம்

அரிப்பு எந்த இடத்தில் என்று பாருங்கள். மணல் தேய்த்த இடம் வழவழப்பாக, வரிவரியாக, பெரும்பாலும் வெளிவிளிம்பில் இருக்கும். இறகுகளின் உள்வாயை ஒட்டிப் பொத்தல் பொத்தலாக இருந்தால் அது கேவிட்டேஷன், அதாவது தண்ணீருக்குள் ஆவிக்குமிழி பிறந்து நொறுங்குவது. நீங்கள் சொல்லும் சத்தமும் அதைத்தான் காட்டுகிறது.

அழுத்தம் குறைந்தாலும் தண்ணீர் கொதிக்கும். 30 டிகிரித் தண்ணீருக்கு 4.2 கிலோபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தில் சுமார் இருபத்துநாலில் ஒரு பங்கு போதும். இம்பெல்லர் வாயில் அவ்வளவு இறங்கியதும் ஆவிக்குமிழிகள் கிளம்பும். குமிழி பிறப்பதால் உலோகத்துக்குக் கெடுதல் இல்லை. சற்றுத் தள்ளி அழுத்தம் ஏறும் இடத்தில் அது நொறுங்கும்போது மெல்லிய நீர்த்தாரை பாய்ந்து உலோகத்தைக் குத்துகிறது, அரிப்பு அங்கேதான்.

காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர்தான் தூக்கும். அதில் குழாய் உரசலும், பம்ப் தனக்கென்று கேட்கும் 2, 3 மீட்டரும் கழிந்தால் நீர்மட்டத்திலிருந்து பம்ப் வரை தூக்கக் கைக்கு மிஞ்சுவது 6, 6.5 மீட்டர். ஊட்டி உயரத்தில் இன்னும் 2 மீட்டருக்கு மேல் குறையும்.

முதலில் ஒரு சோதனை: டெலிவரி (தண்ணீர் வெளியேறும்) பக்கத்து கேட் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். சத்தம் அடங்கினால் கேவிட்டேஷன் என்பது ஏறக்குறைய உறுதி. சக்ஷன் (தண்ணீர் உறிஞ்சும்) பக்கம் மட்டும் எதையும் மூடாதீர்கள், நோய் முற்றும். காற்றுக் கசிவும் இதேபோல் ஏமாற்றும். ஓடும்போது சக்ஷன் மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால், கசியும் இடத்தில் நுரை உள்ளே இழுபடும்.

பிறகு சக்ஷன் குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு வலையைச் சுத்தம் செய்யுங்கள். பம்ப் வாய் 50 மி.மீ. என்றால் சக்ஷன் குழாய் 65 மி.மீ. போடுங்கள். வாயை ஒட்டியே எல்போ வைக்காமல், குழாய் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது நேர்க்குழாய் விடுங்கள். பெரிய குழாயைச் சிறிய வாயோடு இணைக்கும் ரெட்யூசரின் தட்டைப் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் அங்கே காற்று தங்கும். நீர்மட்டம் 7 மீட்டருக்குக் கீழே போகிற கிணறு என்றால் இதெல்லாம் ஒப்பேற்றுதான். பம்பைக் கிணற்றுக்குள் மேடை போட்டு இறக்குங்கள், அல்லது நீர்மூழ்கிக்கு மாறுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தேவைக்கு மேல் ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) உள்ள மோட்டார் வாங்குவதும் தப்பு. குறைந்த ஹெட்டில் அது அளவுக்கு மீறித் தண்ணீர் இழுக்கும், குமிழி இன்னும் பெருகும்.

கே: அப்பாவுக்குச் சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கப் போகிறார்கள். நிமிடத்துக்கு 60 அடிதான் கொடுப்பார்களாம். வேகமாக அடித்தால் சீக்கிரம் முடியாதா?
வாசகி, திருச்சி

நேரம் மிச்சமாகும், கல் சரியாக உடையாது. ஒவ்வொரு அதிர்வலைக்கும் பின்னால் அழுத்தம் குறைந்த வால் ஒன்று உண்டு. அது கல்லின் மேல் குமிழிகளை எழுப்புகிறது, அவை நொறுங்கிக் கல்லைக் கொத்துகின்றன. ஆனால் மிச்சமாகும் நுண்குமிழிகள் கரையக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த அலை வந்தால், கல்லைச் சேர வேண்டிய சக்தியை அவை வழியிலேயே பறித்துவிடும். 120-ஐவிட 60-இல் கல் நன்றாக நொறுங்குகிறது என்பது ஆய்வுகளில் தெளிவானது. குறைந்த சக்தியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களைக் காக்க. தோலில் தடவும் ஜெல்லிலும் காற்றுக்குமிழி கூடாது. 1980-இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்தபோது தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்ததும் அலை காற்றில் தடைபடக் கூடாது என்றுதான்.

அப்பா ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்; தானாக நிறுத்த வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து வருவது சகஜம். குளிர்காய்ச்சல், சிறுநீர் வராமல் போவது, விலாவில் தாங்க முடியாத வலி: இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கே: இங்க் தீர்ந்த பிரிண்டரை ஓட்டக் கூடாது என்கிறார்களே, ஏன்?
வாசகர், மதுரை

கேனான், ஹெச்.பி. இங்க்ஜெட்களில் கண்ணுக்குத் தெரியாத ஹீட்டர் ஒன்று, சில மைக்ரோ நொடிகளில் 300 டிகிரிக்கு மேல் ஏறி, தொட்டிருக்கும் இங்க்கைக் கொதிக்க வைக்கிறது. அந்தக் குமிழிதான் துளியை வெளியே தள்ளும். குமிழி சுருங்கும்போது ஹீட்டரையே அறையும் என்பதால் மேலே டான்டலம் பூச்சு இருக்கிறது. சூட்டை எடுத்துச் செல்ல இங்க் இல்லாவிட்டால் ஹீட்டர் கருகிவிடும். காலியான கார்ட்ரிட்ஜில் திரும்பத் திரும்பக் கிளீனிங் கொடுப்பது அதைக் கொல்லும் வழி. எப்சன் வேறு முறை. அதில் கொதிப்பே கிடையாது.

கே: செடிக்குள்ளும் இந்தக் கேவிட்டேஷன் நடக்குமா?
மாணவி, தஞ்சாவூர்

நடக்கும். இலை நீராவியாக விட விட, வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலக்குழாயில் தண்ணீர் இழுவையில் நிற்கிறது. வறட்சியில் இழுவை மிஞ்சினால் நீர்க்கம்பி அறுந்து குழாயில் குமிழி நிரம்பும். 1966-இல் மில்பர்னும் ஜான்சனும் வாடும் ஆமணக்கு இலையில் ஒலிவாங்கி பொருத்தி, கம்பி அறும் ‘டிக்’ சத்தத்தையே பதிவு செய்தார்கள். குவளையில் வைக்கும் பூந்தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே 2, 3 செ.மீ. மறுபடி வெட்டுங்கள். வெட்டுவாயில் ஏறிய காற்றும் அந்தத் துண்டோடு போய்விடும்.